நெடுந்தொடரின் பற்று வரவு: எபிசோடைச் சுருக்குவதும் எடைபோடுவதும்

இரவு ஒளிபரப்பாகும் எபிசோடின் கதை காலையிலேயே செய்தித் தளங்களில் வந்துவிடுகிறது. வியாழக்கிழமை வந்தால், தொடர்களின் பார்வை அளவைச் சொல்லும் டிஆர்பி பட்டியல் சுற்றுகிறது. நேற்று வரை சூழ்ச்சி செய்துகொண்டிருந்த நாத்தனார் இன்று அண்ணிக்காகக் கண்ணீர் விடுகிறார். அதற்கான காரணத்தைக் கதைக்குள் தேடினால் கிடைப்பதில்லை. கதை எப்படி முன்கூட்டியே தெரிகிறது, ஏன் இப்படி இழுக்கிறார்கள், ஏன் திடீரென்று மாற்றுகிறார்கள் என்ற மூன்று கேள்விகளும் தொடர் பார்க்கிற எல்லா வீட்டிலும் எழுகின்றன.

தினமும் வரும் எபிசோட் சுருக்கங்கள் பெரும்பாலும் இவற்றைத் தொடுவதே இல்லை. 'அதிர்ச்சியில் உறைந்த குடும்பம்' என்று தலைப்பு வைத்து, நடந்ததைக் காட்சி காட்சியாக ஒப்பித்துவிட்டு முடிந்துவிடுகின்றன. ஆனால் நெடுந்தொடர் ஒவ்வொரு நாளும் பார்ப்பவரிடம் ஒரு கடன் வாங்குகிறது. ஒரு ரகசியத்தைத் திறந்துவைக்கிறது, ஓர் அநியாயத்தை நடத்திக் காட்டுகிறது. 'பிறகு தீர்த்துவைக்கிறேன்' என்ற வாக்கின் பேரில் நம் நேரத்தை வாங்கிக்கொள்கிறது. அந்தக் கடன்களுக்குப் பேரேடு வைத்திருப்பதுதான் எபிசோட் குறிப்பு எழுதுபவரின் முதல் வேலை. அதற்கு, தொடர் எப்படித் தயாராகிறது என்ற அடிப்படை தெரிந்திருக்க வேண்டும்.

## அரை மணி நேரத்தில் கதைக்கு எவ்வளவு?

கேபிள் தொலைக்காட்சி விதிகளின்படி ஒரு மணி நேரத்துக்கு 12 நிமிடம் வரை விளம்பரம் போடலாம்: 10 நிமிடம் வணிக விளம்பரம், 2 நிமிடம் சேனலின் சொந்த அறிவிப்புகள். அந்தக் கணக்கில் அரை மணி நேரத் தொடரில் 6 நிமிடம் போகும். டைட்டில் பாட்டு, முந்தைய நாளின் கடைசிக் காட்சி, நாளைய ப்ரோமோ ஆகியவற்றையும் கழித்தால் கதைக்குச் சுமார் 20 நிமிடம் மிஞ்சும்.

இந்த 20 நிமிடம் சின்னதாகத் தெரியலாம். சேர்த்துப் பார்த்தால்தான் அளவு புரியும். திருச்செல்வம் இயக்கி, தேவயானி நடித்த 'கோலங்கள்' 2003 முதல் 2009 வரை 1,533 எபிசோடுகள் ஓடியது. எபிசோடுக்கு 20 நிமிடம் என்று வைத்தாலும் 511 மணி நேரம். இரண்டரை மணி நேரப் படங்களாக எண்ணினால் 200-க்கும் மேல். இவ்வளவு நீளமான ஒரு கதையை யாரும் மனதில் முழுதாக வைத்திருக்க முடியாது. எழுதுகிறவர்களே மறப்பார்கள். இடையில் வசனகர்த்தா மாறுவார், இயக்குநர் மாறுவார், நடிகர் மாறுவார்.

அந்த 20 நிமிடத்துக்குள்ளும் கதை நகர்வது இன்னும் குறைவு. ஒரு கூடத்தில் எட்டுப் பேர் நிற்கிறார்கள். ஒருவர் ஓர் உண்மையைப் போட்டு உடைக்கிறார். கேமரா ஒவ்வொரு முகத்துக்கும் போகிறது. பின்னணி இசை ஒரு முறை அறைகிறது. ஒரு முகத்துக்கு 5 நொடி என்றால் ஒரு சுற்றுக்கு 40 நொடி. எதிர்க்கேள்வி வந்ததும் இன்னொரு சுற்று. ஆக ஒரே ஒரு வசனத்துக்கு 80 நொடி. இப்படி ஓர் எபிசோடில் மூன்று தருணங்கள் இருந்தால் 4 நிமிடம், அதாவது கதைநேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு, முகங்களிலேயே கழிந்துவிடும். இழுவை என்று நாம் பொதுவாகத் திட்டுவதை இப்படி எண்ணிச் சொல்ல முடியும். எண்ணிச் சொல்லும்போதுதான் அது விமர்சனமாகிறது.

## வியாழக்கிழமை எண் எங்கிருந்து வருகிறது?

இந்தியாவில் தொலைக்காட்சிப் பார்வையை அளப்பது பார்க் (BARC) என்ற அமைப்பு. 2015 முதல் அதன் கணக்குதான் நடைமுறையில் இருக்கிறது. 2020-இல் நாட்டில் டிவி உள்ள வீடுகள் சுமார் 21 கோடி என்று மதிப்பிட்டார்கள். 2025-இல் அளவுமானி பொருத்தப்பட்டிருந்தது சுமார் 58 ஆயிரம் வீடுகளில். சேனலின் ஒலியோடு காதுக்குக் கேட்காத ஓர் அடையாளக் குறி கலந்து வரும். வீட்டிலிருக்கும் கருவி அதைப் பிடித்து எந்தச் சேனல் ஓடுகிறது என்று பதிவு செய்யும். யார் பார்க்கிறார்கள் என்பதற்கு வீட்டில் ஒவ்வொருவரும் தனக்குரிய பொத்தானை அழுத்த வேண்டும்.

இதில் பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. டிஆர்பி என்பது 'எத்தனை பேர் பார்த்தார்கள்' என்ற எண்ணிக்கை இல்லை. ஒரு நிமிடத்துக்குச் சராசரியாக எத்தனை பேர் இருந்தார்கள் என்ற கணக்கு. 100 பேரில் 20 பேர் அரை மணி நேரமும் நகராமல் பார்த்தால் சராசரி 20. இன்னொரு தொடருக்கு 40 பேர் வந்து, பாதியில் எழுந்து போய்விட்டாலும் சராசரி அதே 20. முதல் தொடருக்கு விசுவாசமான கூட்டம் இருக்கிறது. இரண்டாவது தொடர் ஆளை இழுக்கிறது, நிறுத்திவைக்கத் தெரியவில்லை. பட்டியலில் இரண்டும் ஒன்றாகவே நிற்கும். ஆகவே 'இந்த வாரம் முதலிடம்' என்பதை ஒரு தொடரின் தரத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்வது சரியல்ல.

அடுத்து, கால இடைவெளி. பார்க்கின் வாரம் சனிக்கிழமை தொடங்கி வெள்ளிக்கிழமை முடிகிறது. எண்கள் அதற்கடுத்த வியாழக்கிழமை வெளியாகும். அப்படியானால்:

1. சனிக்கிழமை வந்த எபிசோடுக்கு என்ன வரவேற்பு என்பது 12 நாள் கழித்துத்தான் தயாரிப்பாளருக்குத் தெரியும்.
2. அந்த எண் சரிந்திருந்தால் அன்றே ட்ராக்கை, அதாவது கதைப் போக்கை, மாற்றப் பேசுவார்கள். ஆனால் எடுத்து முடித்த எபிசோடுகள் கையிருப்பில் இருக்கும். ஒரு வாரக் கையிருப்பு என்று வைத்துக்கொள்வோம். அதுவரை பழைய கதைதான் ஓடும்.
3. ஆக, ஒரு சரிவுக்கான பதில் திரைக்கு வர ஏறத்தாழ மூன்று வாரம் ஆகும்.

நாத்தனார் திடீரென்று திருந்தியதற்கு அன்றைய எபிசோடில் காரணம் தேடினால் கிடைக்காது. மூன்று வாரம் பின்னோக்கிப் போய், அப்போது எந்த ட்ராக் ஓடியது, அந்த வாரத்து எண் என்ன என்று பார்த்தால் பல நேரம் விளங்கிவிடும். தேதி போட்டு எபிசோட் குறிப்பு எழுதி வைத்திருப்பவரால் மட்டுமே இதைச் செய்ய முடியும்.

பணம் யாருடையது என்பதும் கதையைத் திருப்பும். சன் டிவியில் நீண்ட காலம், தயாரிப்பாளர் சேனலுக்கு ஒளிபரப்புக் கட்டணம் கட்டி, அந்த நேரத்தின் விளம்பரத்தைத் தானே விற்றுக்கொள்ளும் முறை இருந்தது. இன்னொரு முறையில் சேனலே செலவைக் கொடுத்து, தொடரைத் தனக்காகத் தயாரிக்கச் சொல்லும். முன்னதில் லாப நஷ்டம் தயாரிப்பாளர் தலையில் விடியும். பின்னதில் கதை எங்கே போக வேண்டும் என்பதில் சேனலின் குரல் ஓங்கும். பிடிக்காத திருப்பத்துக்கெல்லாம் இயக்குநரைத் திட்டுவதற்கு முன் இதை நினைக்க வேண்டும்.

## தளத்தில் என்ன நடக்கிறது?

ஆறு நாளும் எபிசோட் போக வேண்டும் என்றால் ஏறக்குறைய நாளுக்கு ஓர் எபிசோடுக்கான காட்சிகள் எடுத்தாக வேண்டும். காட்சியும் வசனமும் எழுதிய சீன் பேப்பர் பல நேரம் அன்று காலையில்தான் தளத்துக்கு வரும். நடிகர் அதை மனப்பாடம் செய்ய நேரம் இல்லை. கேமராவுக்குப் பின்னால் நின்று உதவி இயக்குநர் வசனத்தை ஒரு வரி சொல்வார். நடிகர் அதைத் திருப்பிச் சொல்லி நடிப்பார். ப்ராம்ப்டிங் என்பது இதுதான். பிறகு டப்பிங்கில் குரல் சேர்க்கப்படும். கோபமாகச் சண்டை போடுகிற இருவர், ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் ஒரு கணம் கண்ணை நிலைகுத்தி நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். பல சமயம் அது அடுத்த வரி காதில் விழுவதற்கான காத்திருப்பு. இந்த நிலைமையிலும் ஒரு நடிகை அந்தக் கணத்தைத் தன் பாத்திரத்தின் தயக்கமாக மாற்றிக்காட்டுகிறார் என்றால், அதைப் பெயர் சொல்லிப் பாராட்டி எழுத வேண்டும். சினிமா நடிப்புக்குக் கிடைக்கிற கவனத்தில் பத்தில் ஒரு பங்குகூட இந்த உழைப்புக்குக் கிடைப்பதில்லை. அது நியாயமே இல்லை.

வழக்கத்தை உடைத்த முயற்சிகளும் இருந்திருக்கின்றன. திருமுருகனின் 'நாதஸ்வரம்' 2014-இல் தன் ஆயிரமாவது எபிசோடை வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டில் நேரலையாக நடத்தியது. ப்ராம்ப்டிங், டப்பிங், ரியாக்‌ஷன் சுற்று என்று மேலே சொன்ன எதற்கும் அதில் இடம் கிடையாது. அதை வழக்கமான எபிசோடை எடைபோடும் தராசில் வைக்க முடியாது.

## காலையிலேயே கதை தெரிவது எப்படி?

ஒன்று, ஓடிடி. விஜய் டிவி தொடர்களை ஹாட்ஸ்டார் சந்தாதாரர்கள் டிவியில் வருவதற்கு முன்பே பார்க்கும் ஏற்பாடு வந்தபின், இரவுக் கதை காலையிலேயே எழுத்தாகிவிடுகிறது. இன்னொன்று, ப்ரோமோவை மட்டும் பார்த்துவிட்டு ஊகித்து எழுதுவது. இந்த இரண்டாவது வகையை நம்பக் கூடாது. ப்ரோமோ என்பது ஒரு வாரக் கதையிலிருந்து பொறுக்கி ஒட்டிய 30 நொடி. அதில் கன்னத்தில் அறை விழும். எபிசோடில் அது கனவாக இருக்கும். அதில் ஒருவர் கேட்ட கேள்விக்கு இன்னொருவர் சொல்லும் பதில், உண்மையில் வேறு காட்சியில் வேறு ஒருவருக்குச் சொன்னதாக இருக்கும். எபிசோடைப் பார்க்காமல் எழுதிய சுருக்கத்தை ஒரு வகையில் கண்டுபிடித்துவிடலாம்: ப்ரோமோவில் இல்லாத ஒரு காட்சிகூட அதில் இருக்காது.

## பேரேடு எப்படி எழுதுவது?

விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தில் கட்டியங்காரன் இந்த வேலையைத்தான் செய்கிறான். தூங்கி எழுந்தவனுக்கும் தாமதமாக வந்தவனுக்கும் இதுவரை நடந்ததைச் சொல்கிறான். ராஜாவையே கேள்வி கேட்கிறான். கதைக்குள்ளும் இருக்கிறான், கதைக்கு வெளியேயும் நிற்கிறான். வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளின் 'முன்கதைச் சுருக்கம்' சொல்லும் வேலையை மட்டும் எடுத்துக்கொண்டு கேட்கும் வேலையை விட்டுவிட்டது. எபிசோட் குறிப்பில் இரண்டும் வேண்டும். நடைமுறையில் அது இப்படி அமையும்:

1. எபிசோட் தொடங்கியபோது யாருக்கு என்ன தெரியும், முடிந்தபோது யாருக்கு என்ன தெரியும்? நெடுந்தொடர் என்பது பெரும்பாலும் தகவல் பங்கீடுதான். மாமியாருக்கு ரகசியம் தெரியும், மாமனாருக்குத் தெரியாது, மருமகளுக்குத் தெரியும் என்பது மாமியாருக்குத் தெரியாது. 20 நிமிடத்தில் இந்தப் பட்டியல் மாறவே இல்லை என்றால், எத்தனை கூச்சல் நடந்திருந்தாலும் கதை நகரவில்லை.

2. புதிதாக என்ன கடன் வாங்கப்பட்டது, பழையது எது தீர்ந்தது? காணாமல் போன நகை, மறைக்கப்பட்ட உயில், பாதியில் நிற்கும் போலீஸ் விசாரணை எல்லாம் பற்று வரவில் ஏற வேண்டும். மூன்று மாதமாகப் பேச்சே இல்லாத கடனை அவ்வப்போது நினைவூட்ட வேண்டும். தொடர் மறந்ததைப் பார்ப்பவர் மறக்க வேண்டியதில்லை.

3. பாத்திரத்தின் முடிவு அவருடைய இயல்பிலிருந்து வந்ததா, வெளியிலிருந்து திணிக்கப்பட்டதா? ஒரு போன் செய்தால் தீர்ந்துவிடும் சிக்கலுக்கு இருபது எபிசோடாக யாரும் போனை எடுக்கவில்லை என்றால், சிக்கல் எழுத்தில் இருக்கிறது.

4. கடைசி ஃப்ரேம். எந்த முகத்தில் 'தொடரும்' விழுந்தது, மறுநாள் முதல் நிமிடத்தில் அந்த முடிச்சுக்கு என்ன ஆனது? சந்தேகத்தோடு கதவைத் திறந்தால் பூனை நிற்கிறது என்றால் அது பொய்க் கொக்கி. வாரத்துக்கு எத்தனை பொய்க் கொக்கி என்று எண்ணி வைத்தால், தொடர் எவ்வளவு பதற்றத்தில் இருக்கிறது என்று தெரியும்.

காட்சி காட்சியாக வசனங்களை எழுதித் தள்ள வேண்டிய தேவையே இல்லை. மேலே சொன்னதற்கு 200 வார்த்தை போதும்.

## யார் மேல் குறை சொல்வது?

ஆண்டுக்கணக்கில் ஓடும் தொடரில் வாழ்க்கை குறுக்கிடும். 'இவருக்குப் பதில் இவர்' என்று திரையில் எழுத்து வருவது தமிழ்ப் பார்வையாளர்களுக்குப் பழகிய ஒன்று. 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' முல்லையாக நடித்தவர் 2020 டிசம்பரில் காலமானார். தொடர் முடிவதற்குள் அந்தப் பாத்திரத்தை மூன்று பேர் ஏற்றிருந்தார்கள். 2022-இல் தொடங்கிய 'எதிர்நீச்சல்' தொடரின் ஆதி குணசேகரன், தமிழ் வீடுகளில் இருக்கும் ஆணாதிக்கத்தை அச்சு அசலாகக் காட்டிய பாத்திரம். மாரிமுத்துவின் 'இந்தாம்மா ஏய்' என்ற ஒற்றை அதட்டலில் அந்த வீட்டு மருமகள்கள் அத்தனை பேரின் நிலைமையும் தெரிந்துவிடும். 2023 செப்டம்பர் 8 அன்று அவர் மாரடைப்பால் இறந்தார். அதன் பிறகு சில காலம் குணசேகரன் திரையில் இல்லை. பின்னர் வேல ராமமூர்த்தி அந்த இடத்துக்கு வந்தார்.

அந்த வாரங்களின் எபிசோடுகளை எப்படி விமர்சிப்பது? நடிகர்களை ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்வது எளிது, அதில் பயனில்லை. கேட்க வேண்டியது எழுத்தைப் பற்றி. எதிராளியே இல்லாத வீட்டில் பெண்களின் போராட்டம் எதை நோக்கி நகர்ந்தது? அவர் இல்லாதபோது அவர் போட்ட பயம் மட்டும் அந்த வீட்டில் மிச்சம் இருந்ததா? புதியவரின் உடல்மொழிக்கு ஏற்ப வசனம் மாறியதா, அல்லது பழைய சட்டையை அப்படியே மாட்டிவிட்டார்களா? நேர்ந்த இழப்புக்குத் தொடரைக் குறைசொல்ல முடியாது. அதற்குப் பிறகு எழுதியதை எடைபோடலாம்.

ரீமேக்குகளில் வேறு ஒரு வசதி இருக்கிறது. 'பாக்கியலட்சுமி'யின் மூலம் 'ஸ்ரீமோயி' என்ற வங்காளத் தொடர். இந்தியில் அதே கதை 'அனுபமா'. மூலத்தில் இருந்து எங்கே விலகினார்கள், எதற்காக என்று பார்த்தால் தமிழ்க் குழு தன் பார்வையாளர்களை எப்படி மதிப்பிடுகிறது என்பது பளிச்சென்று தெரியும்.

## காட்டுவது வேறு, ஆதரிப்பது வேறா?

தொடர்களில் பெண் அடிவாங்குவதைக் காட்டினால், 'கண்டிக்கத்தானே காட்டுகிறோம்' என்ற பதில் வரும். அது போதுமா என்ற கேள்விக்கு இந்தியத் தொலைக்காட்சியின் முதல் நெடுந்தொடரிலேயே விடை இருக்கிறது. தூர்தர்ஷனில் 1984-85-இல் 150-க்கும் மேற்பட்ட எபிசோடுகள் ஓடிய 'ஹம் லோக்', மெக்சிகோவின் சமூகக் கருத்து சொல்லும் தொடர்களைப் பார்த்து வடிவமைக்கப்பட்டது. ஒவ்வொரு எபிசோடின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் திரைக்கு வருவார். அன்று நடந்ததை எடுத்துச் சொல்லி, பார்வையாளர்களின் கடிதங்களைக் குறிப்பிட்டு, இதில் யார் செய்தது சரி என்று நம்மிடமே கேட்பார். எபிசோட் விமர்சனம் எபிசோடுக்குள்ளேயே இருந்தது.

அப்படி இருந்தும், எல்லாவற்றையும் பொறுத்துப் போகும் தாய் பாக்வந்தியை, இப்படி இருக்கக் கூடாது என்று காட்டுவதற்காக எழுதினார்கள். பார்த்தவர்களில் ஏராளமானோர் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டார்கள். தகவல்தொடர்பு ஆய்வாளர்கள் அர்விந்த் சிங்கால், எவரெட் ரோஜர்ஸ் ஆகியோரின் ஆய்வு இதைப் பதிவு செய்திருக்கிறது. அசோக் குமார் நேரில் வந்து பேசியும் இதுதான் நடந்தது. பேச யாருமே இல்லாத இன்றைய தொடர்களில் என்ன நடக்கும்?

அதனால் இந்த விஷயத்திலும் நிமிடக் கணக்கு வேண்டும். அவமானப்படுத்தும் காட்சிக்கு எத்தனை எபிசோட், அதற்குப் பதில் கிடைக்க எத்தனை எபிசோட்? ஆறு வாரம் ஒரு பெண்ணை அழவைத்துவிட்டு, மூன்று நிமிடத்தில் எல்லோரும் மன்னிப்புக் கேட்டு முடித்துவிட்டால், பார்ப்பவர் மனதில் தங்குவது அந்த ஆறு வாரம். இதைத் தேதியோடு எழுதி வைக்கும்போது சேனலால் மறுக்க முடியாத ஒரு பதிவு உருவாகிறது.

## பழைய எபிசோடுக்குக் குறிப்பு எதற்கு?

2020 மார்ச்சில் ஊரடங்கால் படப்பிடிப்புகள் நின்றபோது சேனல்கள் பழைய தொடர்களை எடுத்து ஓட்டின. சன் டிவியில் 'மெட்டி ஒலி' திரும்ப வந்தது. தாயில்லாத ஐந்து பெண்களும் அப்பா சிதம்பரமும் என்ன ஆவார்கள் என்று 2005-லேயே எல்லோருக்கும் தெரியும். இருந்தும் உட்கார்ந்து பார்த்தார்கள். அப்பா கை பிசைந்து நிற்கும் காட்சிகளுக்கு அப்போதும் கண் கலங்கினார்கள். 'அடுத்து என்ன' என்ற தவிப்பு தீர்ந்துபோன இடத்திலும் ஏதோ ஒன்று அவர்களை நிறுத்திவைத்தது. எந்தக் காட்சி, யாருடைய எந்த அசைவு என்பதைத்தான் குறிப்பு பிடித்து வைத்திருக்க வேண்டும். 'அடுத்து என்ன' மட்டும் எழுதிய சுருக்கம் மறுநாள் காலையில் காலாவதி.

பழைய தொடர்கள் இப்போது யூடியூபில் பாதியும் மீதியுமாகக் கிடக்கின்றன. சிலவற்றில் எபிசோட் எண் மாறியிருக்கிறது, சிலவற்றில் நடுவே ஒரு மாதமே இல்லை. குறிப்பின் தலையில் எண்ணும் தேதியும் போட்டு, அன்று யாருக்கு என்ன தெரியவந்தது என்று ஒரு வரி எழுதி வைத்தால் போதும். காணாமல் போன அந்த ஒரு மாதக் கதையைத் தேடுகிறவருக்கு அது மட்டும்தான் கைக்குக் கிடைக்கும்.